கோயில் டீசலும் பிள்ளை வண்டிலும்

தர்சிக்கும் கார்த்திக்குக்கும்,

நாளைக்கு இந்தப் பிக்கப்பின் திறப்பை உங்கள் கையில் தந்துவிட்டு நான் ஹனோவருக்குப் படிக்கப் போகிறேன். முப்பது வயது ஆகாதவன் பென்சன்காரர் மாதிரிப் புத்தி சொல்ல வெளிக்கிட்டான் என்று சிரிப்பீர்கள். சிரியுங்கோ. ஆனால் இந்த வண்டியில் ஒரு குளிர்காலம் ஓடினால், வேறு இடத்தில் பத்து வருசம் வேலை செய்ததற்குச் சமம். நான் பல குளிர்காலம் ஓடியவன். நியாயப்படி எனக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருந்திருக்க வேண்டும்.

வண்டியை எப்படி ஸ்டார்ட் பண்ணுவது, பனி வழிக்கும் தகட்டை எப்படிப் பூட்டுவது என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அது கைப்புத்தகத்தில் இருக்கிறது. கைப்புத்தகம் சீட்டுக்குக் கீழே, விபூதிப் பொட்டலத்துக்கும் அடியில் இருக்கிறது. நேற்று கார்த்திக் கேட்டான், "ப்ரோ, ஹீட்டர் வொர்க் ஆகுமா?" என்று. ஆகும் தம்பி. கோடையில் மிக நன்றாக வேலை செய்யும்.

நான் எழுத வந்தது கைப்புத்தகத்தில் இல்லாத பகுதியைப் பற்றி. அதாவது மனிதர்களைப் பற்றி.

முதலில் மணியண்ணை. நம் முதலாளி. கெல்சென்கிர்ச்சனில் நாம் பராமரிக்கும் அத்தனை கட்டடங்களையும் அவர்தான் ஒவ்வொன்றாகப் பிடித்தார். கோடையில் புல்லு வெட்டுவது, மாரியில் பனி வழிப்பது, இடையில் செத்துப்போனவர்களின் நிலவறைகளை வெறுமையாக்குவது. அண்ணைக்கு ஜெர்மன் நல்லாக விளங்கும். தனக்குப் பிடிக்காத வசனம் மட்டும்தான் விளங்காது. கோயில் நிர்வாகத்திலும் இருக்கிறார். ஆகவே நம் பிக்கப்புக்கு இரண்டு முதலாளிகள் என்று வைத்துக்கொள்ளுங்கோ. மூலஸ்தானத்தில் இருக்கும் மற்றவருக்குச் சம்பள விசயத்தில் அக்கறை இல்லை.

ராணியக்கா அண்ணையின் மனைவி. போனும் வேலை அட்டவணையும் அவர் கையில். கொம்பனியை நடத்துவது அவர்தான். அது அண்ணைக்கு இன்னும் தெரியாது. நீங்களும் சொல்லாதேயுங்கோ.

யூர்கன் நம்முடன் ஓடும் ஜெர்மன்காரர். இந்த ஊர் ஆள், பேச்சில் சிக்கனம். இத்தனை வருசத்தில் அவர் படித்த தமிழ் ஒரேயொரு சொல்: "ஏலாது." லீவு கேட்கும்போதெல்லாம் அண்ணை திரும்பத் திரும்பச் சொல்லியே அவருக்கு அதைப் பழக்கிவிட்டார்.

பிறகு நான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள். அப்பா உணவகத்தில் கோப்பை கழுவினார், அம்மா அலுவலகங்களில் நிலம் துடைத்தார். எழுதப் படிக்கத் தொடங்கிய நாளிலிருந்து அலுவலகம் அலுவலகமாக அவர்களுக்கு மொழிபெயர்க்கிற வேலை எனக்கு. அதிகாரி "முடியாது" என்றால், அம்மாவுக்கு "யோசிக்கினமாம்" என்பேன். அம்மா அவரைத் தூஷணத்தில் திட்டினால், அதிகாரிக்கு "அம்மா நன்றி சொல்கிறார்" என்பேன். இரண்டு பக்கமும் என்னை நல்ல பிள்ளை என்றார்கள். ஒருவருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை என்பது வேறு விசயம். தர்சி, நீயும் இங்கே பிறந்தவள்தான். நான் சொல்வது உனக்குத் தெரியும்.

இனி வண்டிக்கு வருவோம்.

பிக்கப்பின் பின்தட்டில் கிடக்கும் சாமான்களைப் பார்த்து இருவரும் முகம் சுளித்தீர்கள். தையல் மெசின், கால் உடைந்த இரண்டு கதிரை, ஒரு அலுமினிய ஏணி, பழைய காலத்துப் பெரிய சில்லு வைத்த பிள்ளை வண்டில் ஒன்று. எல்லாம் நிலவறைகளில் எடுத்தவை. குப்பைக்குப் போக வேண்டியவைதான். ஆனால் அண்ணை எதையும் எறிய விடமாட்டார். "ஊருக்கு அனுப்பலாம்" என்பார். ஊருக்கு அனுப்பும் கொள்கலன் வருசா வருசம் அடுத்த மாதம் வருகிறது.

எறியவேண்டாம். நானும் முதல் மாரியில் எல்லாவற்றையும் இறக்கிவிட்டு வண்டியைத் துப்புரவாக்கினேன். அன்றைக்கே முதலாவது வளைவில் பின்பக்கம் முன்பக்கத்தை முந்தப் பார்த்தது. இந்த வண்டியை இழுப்பது பின்சில்லு. பின்னால் பாரம் இல்லாவிட்டால் பனியில் அது பரதம் ஆடும். யூர்கன் கதிரைகளையும் தையல் மெசினையும் திரும்ப ஏற்றினார். நம் ஆட்களின் ஊர்ப்பாசம் ரோட்டைப் பிடித்து ஓட உதவிய ஒரே இடம் அதுதான்.

இப்போது முக்கியமானது. டீசல்.

டீசலில் கோடை டீசல், குளிர்கால டீசல் என்று இரண்டு உண்டு. கோடை டீசலில் ஒரு வகை மெழுகு இருக்கும். குளிர் பிடித்தால் அது உறைந்து பில்டரை அடைத்துவிடும். அதனால்தான் மாரி தொடங்கும்போதே எண்ணெய் நிலையங்களில் தாமாகவே குளிர்கால டீசலை மாற்றிவிடுவார்கள். அங்கே நீங்கள் அடித்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. அண்ணை ஊற்றினால்தான் பிரச்சினை.

ஒவ்வொரு ஆனி மாதமும் கோயில் திருவிழாவுக்கு ஜெனரேட்டர் ஓட்டுவது நம் கொம்பனிதான். ஜெனரேட்டருக்கு ஐயர் பூசை செய்து, பூ வைத்து, தண்ணீர் தெளிப்பார். திருவிழா முடிந்ததும் எண்ணெய்க் கான்களில் டீசல் மிஞ்சும். சாமிக்கு எரிந்து மிஞ்சியது என்றால் என்ன? பிரசாதம். பிரசாதத்தை எறியலாமோ? அண்ணை அதைக் கொண்டுவந்து நிலவறையில் சேர்த்து வைத்தார். மற்ற வருசங்களில் புல்லு வெட்டும் மெசினுக்கே அது முடிந்துவிடும். நான் சொல்லப்போகும் வருசம் மழைக்கோடை. ஈரத்தில் புல்லு வெட்ட முடியவில்லை, டீசல் மிஞ்சிவிட்டது.

தைப்பொங்கலுக்கு முதல் நாள் பின்னேரம். அடுத்த நாள் காலை மைனஸ் பத்துக்கும் கீழே போகும் என்று வானொலி சொல்லிக்கொண்டிருந்தது. டேங்கில் எண்ணெய் கிட்டத்தட்ட முடிந்திருந்தது. அண்ணை இரண்டு கானோடு முற்றத்துக்கு வந்தார்.

"நாளைக்குத் தை ஒண்டு. கோயில் எண்ணெயிலை தொடங்குவம். தை பிறந்தால் வழி பிறக்கும்" என்றார்.

யூர்கன் கானை மணந்து பார்த்துவிட்டு என்னிடம் ஜெர்மனில் சொன்னார்: "இதை ஊற்றினால் நாளைக்கு நடுரோட்டில் நிற்போம். அவருக்குச் சொல்லு."

நான் சொன்னேன்: "அண்ணை, யூர்கன் சொல்லுறார், கொஞ்சம் கவனமாய் இருக்க வேணுமாம்."

"கவனமாய்த்தானே ஊத்துறன்" என்றார் அண்ணை. உண்மைதான். புனல் வைத்து, ஒரு துளி நிலத்தில் சிந்தாமல் ஊற்றினார். அவ்வளவு கவனமாக ஒரு வண்டியைக் கெடுத்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

நானும் பங்குக்கு ஒரு வார்த்தை போட்டேன்: "அண்ணை, இது கோடை டீசல்… குளிருக்கு ஒருவேளை உறைஞ்சாலும் உறையலாம் போலை…"

"கோயில் டீசல் உறையுமோடா?"

இந்தக் கேள்விக்கு நான் படித்த தொழிற்கல்வியில் விடை இல்லை. "பாப்பம் அண்ணை" என்றேன். பிள்ளையள், இந்த வண்டியில் தேய்ந்த பிரேக் உண்டு, ஒழுகும் ரேடியேட்டர் உண்டு, பூட்டாத கதவு உண்டு. எல்லாவற்றிலும் ஆபத்தான பாகம் இந்தப் "பாப்பம்". யூர்கன் என்னைப் பார்த்து, அவர் என்ன சொன்னார் என்று கேட்டார். "யோசிக்கிறாராம்" என்றேன்.

அடுத்த நாள் சாதாரணக் காலையாக இருந்திருந்தால் இந்தக் கடிதமே தேவையில்லை. ஆனால் கோவால்ஸ்கி அம்மா இருந்தார்.

கரிச்சுரங்க மேட்டுக்குப் பக்கத்தில், சரிவான பாதையின் மேலே இருக்கும் பழைய கட்டடம் உங்களுக்குத் தெரியும். அங்கே மூன்றாம் வாசலில் இருப்பவர். சிறுநீரகம் வேலை செய்யாது. கிழமைக்குச் சில நாள் காலையில் நோயாளர் வான் வந்து இரத்தம் சுத்திகரிக்கக் கூட்டிப்போகும். பாதை வழுக்கினால் வான்காரர் அவரை இறக்கமாட்டார்கள். விழுந்தால் யார் பொறுப்பு என்ற கேள்வி வரும், இந்த நாட்டில் அந்தக் கேள்வி வந்தால் எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அதற்கு முந்திய முறை உறைமழை பெய்து ஏற்கெனவே தவறிவிட்டது. இன்னொரு முறை தவறினால் உடம்பு தாங்காது என்று டாக்டர் சொன்னதாக அவரே ராணியக்காவுக்குப் போன் பண்ணியிருந்தார். ராணியக்கா அட்டவணையில் அவருடைய பாதையை எல்லாவற்றுக்கும் முதலில் போட்டு, அடியில் இரண்டு கோடும் இழுத்திருந்தார்.

பொங்கல் காலை. இருட்டு. சூரியனுக்குப் பொங்கும் நாளில் இங்கே சூரியன் லீவில் இருக்கும். ராணியக்கா மின்னடுப்பில் பொங்கலை ஏற்றிவிட்டு, புகை அலாரத்தின் பற்றறியைக் கழற்றிவிட்டிருந்தார். அண்ணை முற்றத்துக்கு வந்து வண்டிக்குக் கற்பூரம் காட்டினார். முன்சில்லுக்கு அடியில் தேசிக்காய் வைத்தார். நான் வண்டியை எடுத்தேன். தேசிக்காய் நசியவில்லை. கல்லுமாதிரி உறைந்திருந்தது. சில்லு ஏறின வேகத்தில் தெறித்துப் போய் பக்கத்து வீட்டுக்காரரின் கார்க் கதவில் பட்டது.

யூர்கன் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். தேசிக்காயே உறைந்த காலையில் டீசல் என்ன நிலையில் இருக்கும் என்று கேட்க அவருக்குத் தமிழ் போதாது. எனக்குப் போதும், நான் கேட்கவில்லை.

ஆனால் வண்டி ஓடியது. அதுதான் மோசம். குழாயில் மிச்சமிருந்த பழைய டீசலில் பெரிய ரோட்டு வரைக்கும் நல்லாகவே ஓடியது. நான் மனதுக்குள் ஐயரிடம் மன்னிப்புக்கூடக் கேட்டுவிட்டேன். பிறகு மிதித்தாலும் இழுக்கவில்லை. ஒரு தும்மல், இரண்டு தும்மல், பஸ் தரிப்புக்குப் பக்கத்தில் வந்து மூச்சை விட்டது.

யூர்கன் இறங்கி ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தார். "நான் சொன்னேன்" என்று சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

அண்ணைக்குப் போன் எடுத்தேன். அவர் கலவரப்படவில்லை. உடனே டொரொன்டோவில் இருக்கும் தன் மச்சானை வீடியோவில் எடுத்து, இரண்டு போனையும் ஒன்றோடொன்று முகம் பார்க்க வைத்தார். மச்சான் அங்கே நித்திரைக்குப் போகாமல் இருந்து யோசனை சொன்னார்: இதெல்லாம் குளிரே இல்லை, கனடாவில் மைனஸ் முப்பதில் காலையில் சும்மா தட்டினால் ஸ்டார்ட் வரும், பில்டருக்குச் சுடுதண்ணி ஊற்று, கொஞ்சம் பெற்றோல் கல. மச்சான் ஓட்டுவது மின்சாரக் கார். பின்னால் யாரோ தலைமயிர் காயவைக்கிற மெசினால் பில்டருக்குச் சூடு பிடிக்கச் சொன்னார்கள். அந்த மெசினோடு தானே வருவதாக அண்ணை சொன்னார். ரோட்டோரத்தில் அதைச் செருக எங்கே பிளக் என்று நான் கேட்கவில்லை.

கோவால்ஸ்கி அம்மாவின் வான் வரும் நேரம் ஆகிக்கொண்டிருந்தது. நான் சொன்னேன், வண்டியை விட்டுவிட்டு நாங்கள் பஸ்ஸில் போய்ப் பாதையைப் பார்க்கிறோம் என்று.

"வண்டியை விட்டிட்டு ஒரு இடமும் போகக்கூடாது" என்றார் அண்ணை. "கோயில் டீசலோடை நிக்கிற வண்டியை நடுரோட்டிலை அநாதையாய் விடுறதே? நான் வாறன். நில்லுங்கோ."

யூர்கன் புகையை ஊதிக்கொண்டு, என்ன சொல்கிறார் என்று தலையால் கேட்டார்.

இந்த இடத்தில்தான் பிள்ளையள் கவனிக்க வேண்டும். என் முன்னால் வழக்கமான இரண்டு வழி இருந்தது. யூர்கனுக்கு "யோசிக்கிறாராம்" என்று சொல்லலாம். அண்ணைக்கு "ஓம்" என்று சொல்லலாம். இருவருக்கும் நல்ல பிள்ளையாக அந்த பஸ் தரிப்பில் நின்று குளிரில் விறைக்கலாம். அங்கே மேட்டின் மேலே ஒரு மனிசி கோட்டைப் போட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு, வாசல் கதவுக்குப் பின்னால் கதிரையில் இருப்பார். அவர் எப்போதும் நேரத்துக்கு முன்பே ஆயத்தமாகி விடுகிறவர்.

"ஏலாது அண்ணை" என்றேன்.

அண்ணை டொரொன்டோவைப் பொறுக்கச் சொன்னார்.

"ஆர் சொல்லுறது, யூர்கனோ?"

"இல்லை அண்ணை. நான்தான் சொல்லுறன். ஏலாது. அந்த மனிசி இண்டைக்குப் போக வேணும். நாங்கள் போறம்."

போன் நின்றுவிட்டது. திரும்பிப் பார்க்கிறேன், யூர்கன் சிகரெட்டை மிதித்து அணைத்துவிட்டு ஏற்கெனவே பின்தட்டில் ஏறி நிற்கிறார். அவருக்கு நான் ஒன்றும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அந்த ஒரு சொல்லை அவர் எங்களை விட நல்லாகப் படித்தவர்.

அவர் இறக்கியது பிள்ளை வண்டில்.

வழுக்காமல் இருக்கப் பாதைக்குப் போடும் சல்லிக்கல் ஒரு மூட்டையைத் தூக்கி அதற்குள் வைத்தோம். சில்லு நெளிந்தது, உடையவில்லை. பிளாஸ்ரிக் மூட்டை பஸ் சாரதியின் கண்ணில் பட்டால் சரக்கு ஏற்ற விடமாட்டேன் என்பார். ஆகவே யூர்கன் தன் கழுத்துச் சால்வையைக் கழற்றி அதன்மேல் போர்த்தினார். பனிவாரியை நான் தோளில் வைத்துக்கொண்டேன். பஸ் வந்தது. இந்த நாட்டில் பிள்ளை வண்டிலுக்கு உள்ள மரியாதை அமைச்சருக்கும் இல்லை. சாரதி பஸ்ஸை நடைபாதைப் பக்கமாகச் சரித்துத் தந்தார். இரண்டு பேர் எழும்பி இடம் விட்டார்கள். ஒரு பெண் எட்டிப் பார்க்க வந்தபோது, யூர்கன் உதட்டில் விரல் வைத்து, நித்திரை என்று சாடை காட்டினார். அந்தப் பெண் நுனிக்காலில் திரும்பிப் போனார். நான் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன். சிரித்தால் எல்லாம் கெட்டுவிடும்.

இறங்கி மேட்டடிக்கு வரும்போது வான் நின்றது. வான்காரர் இருவரும் திரும்பிப் போக வண்டியில் ஏறிக்கொண்டிருந்தார்கள். பாதை கண்ணாடி, எங்களுக்கு அடுத்த நோயாளி இருக்கிறார், என்றார் ஒருவர். வழக்கமான நானாக இருந்தால் "அப்படியானால் சரி, மன்னிக்க வேண்டும்" என்று வழி விட்டிருப்பேன். ஆனால் ஒருநாளில் ஒருமுறை அந்தச் சொல்லைச் சொன்னால் இரண்டாம் முறை அவ்வளவு கஷ்டமில்லை. பிள்ளை வண்டிலை வானுக்கு முன்னால் தள்ளி நிறுத்திவிட்டு, முடியாது என்று ஜெர்மனில் சொன்னேன். நாங்கள் பாதையைச் செய்து முடிக்கும்வரை நீங்கள் நிற்கிறீர்கள் என்றேன். அவர்கள் வண்டிலைப் பார்த்தார்கள். பிள்ளையின் மேல் வானை ஏற்றிப் போக முடியாதே. எஞ்சினை நிறுத்தினார்கள்.

யூர்கன் வாரினார், நான் வண்டிலில் இருந்து கையால் அள்ளி எறிந்தேன். மேலே வாசல் வரைக்கும் ஒரு ஆள் அகலத்துக்குப் பாதை கறுத்தது. வான்காரர் இருவரும் ஏறிப்போய், கோவால்ஸ்கி அம்மாவைக் கதிரையோடு தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். என்னைக் கடக்கும்போது அவர் நிறுத்தச் சொன்னார். வண்டிலுக்குள் எட்டிப் பார்த்தார். அரை மூட்டை சல்லி, மேலே யூர்கனின் சால்வை.

"தகப்பன்மாதிரியே இருக்கிறான்" என்றார் யூர்கனைப் பார்த்து. "வயசுக்குக் கொஞ்சம் பாரம் கூட."

வான் போய்விட்டது. யூர்கன் கனநேரம் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

நாங்கள் முற்றத்துக்குத் திரும்பினபோது பொங்கல் ஆறிப்போயிருந்தது. ராணியக்கா இருவருக்கும் பெரிய கோப்பையில் போட்டுத் தந்தார். மற்றவர்களை விட முந்திரி கூட இருந்தது. அண்ணை என்னைப் பார்க்காமல் அங்குமிங்கும் நடந்தார். வண்டியை யாரோ இழுத்துக்கொண்டு போய்ச் சூடான கராச்சில் விட்டிருந்தார்கள். பில்டர் மாற்றி, மத்தியானம் ஸ்டார்ட் வந்தது. அண்ணை அப்போதுதான் வாயைத் திறந்தார்: "பாத்தியோ. கோயில் டீசல்."

உங்களுக்கு ஒரு பாடத்தோடு கதையை முடிக்க ஆசைதான். அண்ணை மாறிவிட்டார் என்று எழுதினால் அழகாக இருக்கும். அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் அவர் எல்லோருக்கும் சொன்ன கதை இதுதான்: அன்றைக்கு வண்டி அந்தச் சரிவில் ஏறியிருந்தால் வழுக்கி அந்த மனிசியின் மேலேயே விழுந்திருக்கும், அதனால்தான் சாமி டீசலை உறையவைத்து வண்டியைக் கீழேயே மறித்துவிட்டார். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நானும் போட்டுக்கொண்டேன். யூர்கனுக்கு அதை மொழிபெயர்த்துச் சொன்னேன், இந்தமுறை ஒரு சொல்லும் குறைக்காமல். அவர், அப்படியானால் சாமிக்குக் குளிர்கால டீசலைப் பற்றி நல்ல அறிவு இருக்கிறது என்றார்.

ஒன்று மட்டும் மாறியது. அண்ணைக்கு யூர்கன் சொல்வதை நான் சொன்னால், "அவன் சொன்னதை அப்பிடியே சொல்லு" என்கிறார். முகம் கறுக்கும். ஆனால் கேட்கிறார்.

நிலவறையில் இன்னும் ஒரு கான் மிச்சம் இருக்கிறது. தை பிறக்கும். அண்ணை புனலோடு வருவார். அப்போது நான் ஹனோவரில் சூடான வகுப்பறையில், மெழுகு உறையும் வெப்பநிலையைப் பற்றிப் பரீட்சை எழுதிக்கொண்டிருப்பேன். கார்த்திக், நீ "ஷுவர் சார்" என்று சொல்லப் பழகியவன். தர்சி, நீ என்னைப்போல வீட்டில் மொழிபெயர்த்து வளர்ந்தவள். இரண்டு பேரும் இப்போதே கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகுங்கோ. மூன்று எழுத்துக்கு மேல் இல்லை. கஷ்டமாக இருந்தால் யூர்கனிடம் கேளுங்கோ, உச்சரிப்புச் சொல்லித் தருவார்.

கொள்கலன் அடுத்த மாதம் உண்மையிலேயே வருகிறதாம். கதிரைகள் போகட்டும். தையல் மெசினும் போகட்டும், அதற்குப் பதிலாக இரண்டு சல்லி மூட்டை ஏற்றுங்கோ. பிள்ளை வண்டிலை மட்டும் அனுப்ப விடாதேயுங்கோ. மேட்டுப் பாதைக்குப் போகும்போது அதை மேலே தெரியவைத்துக்கொண்டு போங்கோ. கோவால்ஸ்கி அம்மா யன்னலைத் திறந்து, பிள்ளை எப்படி இருக்கிறான் என்று கேட்பார். பல்லு முளைக்கிறது என்று சொல்லுங்கோ.